ராத்திரி ராஜாக்களும் 240 நிமிடமும்: செல்சீ–லீட்ஸ் 1970 ஒளிப்பதிவு வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் எந்தப் பதிவு என்று பார்த்து வாங்க வேண்டும். செல்சீயும் லீட்ஸும் மோதிய 1970 எஃப்.ஏ. கோப்பை (இங்கிலாந்துக் கிளப்புகளின் நாக்-அவுட் கால்பந்துப் போட்டி) இறுதி ஆட்டம் என்ற பெயரில் புழங்குகிற டிஸ்க்குகளிலும் கோப்புகளிலும் பாதிக்கு மேல் அரைகுறை. சிலவற்றில் ஆட்டமே மாறியிருக்கும். பழைய கால்பந்து பார்க்கிறவர்கள் காசு விடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

முதலில் ஒரு தெளிவு. அந்த வருட இறுதி இரண்டு தடவை ஆடப்பட்டது. ஏப்ரல் 11, சனிக்கிழமை பிற்பகல், லண்டன் வெம்ப்ளியில் முதல் ஆட்டம். கூடுதல் நேரம் ஆடியும் 2–2. பதினெட்டு நாள் கழித்து, ஏப்ரல் 29 புதன்கிழமை இரவு, மான்செஸ்டர் ஓல்ட் டிராஃபோர்டில் மறு ஆட்டம். அதுவும் கூடுதல் நேரம் போய் செல்சீ 2–1. மொத்தம் 240 நிமிடம். ரசிகர்கள் ஐம்பது வருடமாக வாய் ஓயாமல் பேசுவது இரண்டாவதைப் பற்றி. இந்த மதிப்புரையும் அதற்குத்தான்.

அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள். ஓடவிட்டு ஒரு நிமிடம் பாருங்கள். பகல் வெளிச்சமும் மணல் அப்பிய மைதானமும் தெரிந்தால் அது வெம்ப்ளி. அங்கே அதற்கு முன் குதிரைக் கண்காட்சி நடத்தித் தரையைக் கிண்டி வைத்திருந்தார்கள். மேலே மணலைக் கொட்டிச் சமாளித்தார்கள். பந்து விழுந்தால் எழும்பாது. லீட்ஸின் முதல் கோலே அதற்குச் சாட்சி: ஜாக் சார்ல்டன் தலையால் முட்டிய பந்து தரையில் பட்டதும் செத்துப்போய், உதைக்கக் காலைத் தூக்கிய செல்சீ தடுப்பாட்டக்காரர் மெக்ரீடியின் பாதத்துக்கு அடியில் உருண்டு உள்ளே போனது. விளக்கு வெளிச்சத்தில், செல்சீ ஆட்கள் நீலச் சட்டையும் மஞ்சள் காலுறையுமாக இருந்தால் அது ஓல்ட் டிராஃபோர்ட். இன்னும் சந்தேகமா? லீட்ஸ் கோல்கீப்பரைப் பாருங்கள். வெம்ப்ளியில் கேரி ஸ்ப்ரேக். மறு ஆட்டத்தில் டேவிட் ஹார்வி. இடையில் ஏப்ரல் 15 அன்று கிளாஸ்கோவில் செல்டிக்குடன் நடந்த ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் ஸ்ப்ரேக் அடிபட்டுவிட்டார்.

அடுத்து ஓடும் நேரம். ஆடியது 120 நிமிடம். அதில் ஒரு கோல்கீப்பருக்கு நடு மைதானத்தில் நீண்ட வைத்தியம் வேறு நடந்தது. இடைவேளையை வெட்டினாலும் இரண்டு மணி நேரத்துக்குக் குறைய வாய்ப்பே இல்லை. 90 நிமிடம் என்று போட்டிருந்தால் அரை மணி நேரத்தைக் கத்தரித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கத்தரிப்பவர் கோலையும் கோல் வாய்ப்பையும் விட்டுவைத்து, பந்து வெளியே போனபின் நடப்பதைத்தான் வெட்டுவார். இந்த ஆட்டத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. பத்து நிமிடத் துண்டு பார்த்துவிட்டு இதைப் பார்த்ததாகச் சொல்பவர்கள், கறிக்குழம்பில் கறியை எடுத்துவிட்டுக் குழம்பை மட்டும் ருசித்தவர்கள்.

சரி, இதை ஏன் பார்க்க வேண்டும்? அதற்கு அந்தக் காலத்து ரசிகர்கள் வைத்திருக்கும் கதை ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கதை இதுதான்: செல்சீ என்றால் கிங்ஸ் ரோடு. மேரி குவான்ட் 1955-இல் கடை போட்ட தெரு. அறுபதுகளில் உலகத்துக்கே உடை சொல்லிக்கொடுத்த தெரு. மைதானம் இருப்பது என்னவோ அதற்கு வடக்கே ஃபுல்ஹாம் ரோட்டில்தான். ஆனால் ஆட்டம் முடிந்ததும் வீரர்களின் கால் தெற்கே நடந்துவிடும். பப், சாப்பாட்டுக்கடை, நடிகர் கூட்டம், விடியும்வரை பேச்சு. நடிகரும் இயக்குநருமான ரிச்சர்ட் ஆட்டன்பரோ கிளப்பின் இயக்குநர் குழுவிலேயே இருந்தார். பின்னால் 1972-இல் நடிகை ராக்வெல் வெல்ச் செல்சீயின் மைதானமான ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜுக்கே வந்து ஆட்டம் பார்த்தார். செல்சீயின் முன்வரிசை ஆட்டக்காரர் பீட்டர் ஓஸ்குட் என்றால் அவருக்கு அப்படி ஒரு பிரியம் என்று ரசிகர்கள் இன்றும் பெருமையடிக்கிறார்கள். இன்னொரு முன்வரிசை ஆட்டக்காரர் டாமி பால்ட்வினுக்குப் பட்டப்பெயரே ‘ஸ்பாஞ்ச்’. ஊற்றுவதையெல்லாம் உறிஞ்சிக்கொள்வாராம்.

இந்தப் பேர் ராத்திரியோடு ராத்திரியாக வந்ததும் இல்லை. 1965 ஏப்ரலில் லீக் பட்டத்துக்கு முட்டிமோதிக்கொண்டிருந்த நேரத்தில், பிளாக்பூல் ஹோட்டலில் தங்கியிருந்தபோது நேரக்கட்டுப்பாட்டை மீறி வெளியே போனதற்காக எட்டுப் பேரை மேனேஜர் டாமி டாக்கர்ட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். டெர்ரி வெனபிள்ஸும் ஜார்ஜ் கிரஹாமும் அதில் உண்டு. மிச்சமிருந்தவர்களோடு பர்ன்லியில் ஆடி 6–2 என்று வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். அந்த எட்டுப் பேரில் ஜான் ஹாலின்ஸ், எடி மெக்ரீடி, மார்வின் ஹின்டன் மூவரும் 1970 பதிவில் உங்கள் கண்ணெதிரே ஓடுகிறார்கள்.

எதிர்ப்பக்கம் டான் ரெவியின் லீட்ஸ். ஆட்டத்துக்கு முன் ஹோட்டலில் எல்லோரையும் உட்கார வைத்து பிங்கோ. இல்லையென்றால் கம்பளத்தில் பந்து உருட்டும் பவுல்ஸ். எதிரணியைப் பற்றிப் பக்கம் பக்கமாகக் குறிப்பு. மேனேஜருக்கு ராசியான நீல சூட்டு. குடும்பம் மாதிரி ஒரே கட்டு. ரசிகர்கள் நினைவில் இந்த ஆட்டம் அதனால் இப்படிப் பதிந்திருக்கிறது: சொகுசுப் பிள்ளைகள் ஒரு பக்கம், முரட்டு உழைப்பாளிகள் இன்னொரு பக்கம், அன்று சொகுசுக்காரர்களின் கலை வென்றது.

பதிவைப் போட்டுப் பார்த்தால் இந்தக் கதையில் பாதி நிற்காது. அன்றிரவு முதலில் உதைத்ததும் அதிகம் உதைத்ததும் ராத்திரி ராஜாக்களான செல்சீக்காரர்கள்தான். அழகான கால்பந்து பல நேரம் லீட்ஸ் பக்கம்தான் இருந்தது. லீட்ஸ்காரர்களும் வாங்கியதற்கு வட்டியோடு திருப்பிக் கொடுத்தார்கள், அது வேறு. ஐம்பது வருட நினைவைப் பதிவு இப்படிக் கலைத்துப் போடுவதற்காகவே இதை முழுசாகப் பார்க்க வேண்டும்.

பார்க்கும்போது மண்டையில் வைத்திருக்க வேண்டிய விதி வேறுபாடுகள் சில. மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை என்று தேடாதீர்கள். அட்டையே அப்போது கிடையாது. அடுத்த மாதக் கடைசியில் மெக்சிகோ உலகக் கோப்பையில்தான் முதன்முதலாக வந்தது, இங்கிலாந்து லீக்குக்கு 1976-இல். நடுவர் சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்துப் பெயர் எழுதினால் அதுதான் எச்சரிக்கை. மாற்று ஆட்டக்காரர் அணிக்கு ஒரே ஒருவர். அடிபட்டாலும் நொண்டியாவது நின்றாக வேண்டும். தன் ஆள் காலால் தள்ளிவிட்ட பந்தைக் கோல்கீப்பர் கையால் எடுக்கலாம். அந்த வசதி 1992 வரை இருந்தது. இதெல்லாம் தெரியாமல் பார்த்தால் நடுவர் எரிக் ஜென்னிங்ஸ் தூங்கிவிட்டாரோ என்று தோன்றும். தெரிந்து பார்த்தாலும் கொஞ்சம் தோன்றத்தான் செய்யும்.

வெம்ப்ளியில் லீட்ஸின் இடது விங்கர் எடி கிரே செல்சீயின் வலது பேக் டேவிட் வெப்பைப் படுத்தியபாடு கொஞ்சநஞ்சமில்லை. அந்த ஆட்டப் பதிவும் கையில் இருந்தால் இருபது நிமிடம் கிரேயை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். அந்த மணலில், எழும்பாத பந்தை வைத்துக்கொண்டு, வெப்பை இடமும் வலமுமாக ஆட்டிவைப்பார். செல்சீ மேனேஜர் டேவ் செக்ஸ்டன் அதிகம் பேசாத, புத்தகம் படிக்கிற மனிதர். மறு ஆட்டத்துக்கு அவர் செய்தது ஒரே மாற்றம். வெப்பை நடுவுக்குத் தள்ளி, கேப்டன் ரான் ஹாரிஸை வலது பேக்காக்கினார். ஹாரிஸின் பட்டப்பெயர் ‘சாப்பர்’. வெட்டரிவாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடுகிறது. 11-ஆம் எண் சட்டை பந்தோடு திரும்பும். பின்னாலிருந்து ஹாரிஸின் கால் முழங்கால் பக்கம் வந்து இறங்கும். வேகமாக நடந்துவிடும், கவனிக்காவிட்டால் தப்பிவிடும். அதன்பின் கிரேயின் நடையைப் பாருங்கள். ஓடுகிறார், ஆனால் திரும்பும்போது அந்தக் காலில் முழு எடையையும் போடுவதில்லை. பந்து வந்தால் உள்ளே வெட்டிப் போகாமல் பக்கத்தில் தள்ளிவிடுகிறார். வெம்ப்ளியை ஆண்ட ஆள் மிச்ச 110 நிமிடமும் ஏறக்குறைய பார்வையாளர். நோட்டில் பெயர் ஏறவில்லை. கோல் விவரத்தில் வராத, ஆட்டத்தையே தீர்மானித்த கணம் இது. சுருக்கப் பதிவுகள் சிலவற்றில் இந்த இடமே இல்லை என்பதுதான் கொடுமை.

அரை மணி கடந்ததும் அடுத்தது. லீட்ஸின் மிக் ஜோன்ஸ் உயரப் பந்துக்குப் பாய்ந்து செல்சீ கோல்கீப்பர் பீட்டர் போனெட்டியின் மேல் மோதுகிறார். போனெட்டி எழுந்திருக்கவில்லை. வைத்தியம் நீள்கிறது. மாற்று கோல்கீப்பர் என்று யாரும் இல்லை. எழுந்து நின்றுதான் ஆக வேண்டும். கொஞ்ச நேரத்தில், 35-ஆவது நிமிடத்தில், அதே ஜோன்ஸ் கோல் போடுகிறார். அதற்கு முன் ஆலன் கிளார்க் ஓடுவதைப் பாருங்கள். வரிசையாக வந்த தடுப்புகளைத் தாண்டி, நீட்டிய கால்களுக்கு மேலாகத் துள்ளி நகர்ந்து பந்தை ஜோன்ஸுக்கு விடுவார். அந்த இரவின் மிக அழகான ஓட்டம் இது, செய்தது ‘முரட்டு’ அணி. ஜோன்ஸும் சும்மா அடிக்கவில்லை; ஓட்டத்திலேயே இழுத்து விட்டது வலையில் போய் மோதியது. போனெட்டி நொண்டாமல் இருந்தாலும் தடுத்திருக்க முடியுமா என்பது சந்தேகம்தான்.

இதற்கப்புறம்தான் கைகலப்புப் படலம் முழு வேகம் எடுக்கும். ஒவ்வொன்றையும் எழுதினால் பட்டியலாகிவிடும். நிறுத்திப் பார்க்க வேண்டியவை மூன்று. செல்சீ பெனால்டி பகுதிக்குள் மெக்ரீடி காலைத் தலை உயரத்துக்குத் தூக்கி லீட்ஸ் கேப்டன் பில்லி பிரெம்னரைச் சாய்ப்பார். இன்றைக்கானால் பெனால்டியும் சிவப்பும் ஒன்றாக வரும்; அன்று விசில்கூட இல்லை. லீட்ஸின் நார்மன் ஹன்டரும் செல்சீயின் இயன் ஹட்சின்சனும் ஒருவரையொருவர் குத்திக்கொள்ளும் காட்சி ஒன்று. ஜாக் சார்ல்டன் ஓஸ்குட்டை முட்டியால் கவனித்துக்கொள்வது இன்னொன்று. அத்தனைக்கும் அன்று நோட்டில் ஏறிய பெயர் ஒன்றே ஒன்று: ஹட்சின்சன். 1997-இல் டேவிட் எல்லரே என்ற நடுவர் தன் கால விதிப்படி இந்தப் பதிவைப் பார்த்துக் கணக்குப் போட்டார்: ஆறு சிவப்பு, இருபது மஞ்சள். 2020-இல் மைக்கேல் ஆலிவர் பார்த்தபோது சிவப்பு பதினொன்றாகிவிட்டது. நீங்களும் ஒரு தாளில் கோடு போட்டு எண்ணலாம். ஒரே ஆட்டத்தை மூன்று காலத்து விதியில் பார்க்கும் வாய்ப்பு வேறெங்கும் இப்படி அமையாது.

செல்சீ சமன் செய்தது 78-ஆவது நிமிடத்தில். இதற்கு மட்டும் ராத்திரி ராஜாக்களுக்கு முழு மதிப்பெண். இடையில் பந்து கைமாறி சார்லி குக்கிடம் வரும். அவர் தலையை நிமிர்த்தி ஒரு பார்வை பார்த்து, லீட்ஸ் தடுப்பின் தலைக்கு மேலாக அளந்து தூக்கிவிடுவார். ஓஸ்குட் பின்னாலிருந்து வந்து உடம்பைக் கிடையாக வீசி முட்டுவார். கவனிக்க வேண்டியது ஓஸ்குட்டைச் சுற்றியுள்ள இடம். யாருமே இல்லை. அவரைப் பிடித்திருக்க வேண்டிய சார்ல்டன் பக்கத்தில் இல்லை. சற்றுமுன் வாங்கிய உதைக்குக் கணக்குத் தீர்க்கப் போயிருந்தார் என்பது ரசிகர்கள் சொல்லும் விளக்கம். அந்தக் கோலோடு ஓஸ்குட் அந்த வருடக் கோப்பையின் எல்லாச் சுற்றிலும் கோல் போட்டவராகிவிட்டார். அதற்கப்புறம் யாரும் அதைச் செய்ததில்லை.

வென்ற கோல் கூடுதல் நேரத்தின் முதல் பாதி முடியப்போகும்போது, 104-ஆவது நிமிடத்தில். ஹட்சின்சனின் த்ரோ. அந்தக் காலத்தில் அவர் த்ரோவுக்கு ஈடில்லை. பந்தை விட்டபிறகும் இரண்டு கையும் காற்றாலை மாதிரி சுழன்றுகொண்டே இருக்கும். கிட்டத்தட்ட ஒரு கார்னர் கிக்குக்குச் சமம். பெனால்டி பகுதிக்குள் கூட்டத்தில் பந்து சார்ல்டன் தலையில் பட்டுப் பின்னால் போகிறது. அந்தப் பக்கக் கம்பத்தருகே மேலேறி வந்து உள்ளே தள்ளுவது யார்? வெம்ப்ளியில் கிரே கையில் படாதபாடு பட்ட அதே டேவிட் வெப். செக்ஸ்டனின் ஒரே மாற்றம் இரண்டு பக்கமும் பலித்தது. மிச்சம் பதினாறு நிமிடம் லீட்ஸ் தாக்கிக்கொண்டே இருப்பார்கள். செல்சீ ஓஸ்குட்டை எடுத்துவிட்டு ஹின்டனை இறக்கிக் கதவைச் சாத்தும்.

இங்கே லீட்ஸ் பக்கம் நின்று ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ‘குடிச்சுத் திரிஞ்சவன் ஜெயிச்சான், ஒழுங்கா இருந்தவன் தோத்தான்’ என்று இதைச் சுருக்குவது ரொம்ப மலிவான வாசிப்பு. உலகக் கோப்பைக்காக அந்த சீசனையே முன்கூட்டி முடித்தார்கள். லீட்ஸ் லீக், எஃப்.ஏ. கோப்பை, ஐரோப்பியக் கோப்பை மூன்றிலும் கடைசிக் கட்டம்வரை போனது. அரையிறுதியில் மான்செஸ்டர் யுனைட்டடை முடிக்கவே மூன்று ஆட்டம் தேவைப்பட்டது. அந்த வருடம் அவர்கள் ஆடியது அறுபதுக்கு மேல். ஏப்ரல் தொடக்கத்தில் வலது பேக் பால் ரீனிக்குக் கால் முறிந்தது. லீக் எவர்டனுக்குப் போனது, ஐரோப்பா செல்டிக்குக்குப் போனது, இதுவும் போனது. கூடுதல் நேரத்தில் அவர்கள் கால் இழுப்பதைப் பதிவில் கண்கூடாகப் பார்க்கலாம். அதே ஜனவரியில் ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜிலேயே செல்சீயை 5–2 என்று உரித்த அணி இது.

செல்சீயும் ஏதோ தூக்கக் கலக்கத்தில் வந்து ஜெயித்த கூட்டம் இல்லை. அந்த லீக்கில் மூன்றாம் இடம். அரையிறுதியில் வாட்ஃபோர்டை 5–1. தெருவுக்கே செல்லப்பிள்ளையான ஆலன் ஹட்சன் காயத்தால் இரண்டு ஆட்டத்திலும் இல்லை என்பதையும் மறக்கக்கூடாது. கலைஞன் இல்லாத இடத்தைத்தான் உதை நிரப்பியது என்று சொல்பவர்கள் உண்டு. பதிவைப் பார்த்தால் அதில் கொஞ்சம் உண்மை இருப்பது தெரியும்.

இனித் தொழில்நுட்பம். இதில்தான் இந்தப் பதிவு பலர் கையில் கெட்டுப்போகிறது.

படம் 4-க்கு 3 என்ற பழைய டிவி அளவில் எடுத்தது. இன்றைய அகலத் திரையில் போட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். இழுத்து விரித்தால் ஹாரிஸ் பீப்பாய் மாதிரி ஆகிவிடுவார். எரிச்சல், ஆனால் படம் முழுசாக இருக்கும். இன்னொன்று மோசம்: திரையை நிரப்ப மேலும் கீழும் வெட்டுவது. 4-க்கு 3 படத்தை 16-க்கு 9 ஆக வெட்டினால் உயரத்தில் சரியாகக் கால்வாசி போய்விடும். மற்ற ஆட்டத்தில் பரவாயில்லை. இதில் பந்து போனபின் நடக்கும் உதைகள் படத்தின் ஓரத்தில்தான் இருக்கின்றன. வெட்டினால் பாதிக் குற்றம் மறைந்துவிடும். வாங்கும் முன் ஒரு நிமிட மாதிரி ஓடவிட்டு, இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வருகிறதா என்று பாருங்கள். பட்டை இருந்தால் நல்லது. ‘திரை முழுக்க, மெருகேற்றியது’ என்று விளம்பரம் இருந்தால் ஒதுங்கிவிடுங்கள்.

கணினியில் வி.எல்.சி. பிளேயரில் பார்ப்பவர்களுக்கு: ஆங்கில ‘ஏ’ விசையைத் தட்டத் தட்டப் பட அளவு மாறும், 4:3 வந்ததும் நிறுத்துங்கள். ஓடுகிற ஆட்களின் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரிக் கோடு தெரிந்தால் அது பழைய டிவி படத்தின் ஒன்றுவிட்ட வரிகள். ‘டி’ விசையைத் தட்டினால் சரியாகும். ஒலி இடது காதில் மட்டும் கேட்டால் ஹெட்ஃபோனைக் குறை சொல்லாதீர்கள். ஒற்றைத் தட ஒலியை அப்படிப் பதிந்திருக்கிறார்கள். ஆடியோ மெனுவில் ஸ்டீரியோ மோட் என்பதில் மோனோ என்று மாற்றினால் போதும்.

டிவிடி டிஸ்க்குகளை மண்டலவாரியாகப் பூட்டியிருப்பார்கள். இங்கிலாந்து டிஸ்க் மண்டலம் 2. இந்தியா மண்டலம் 5. இரண்டு நாட்டிலும் டிவி முறை ஒன்றே, ‘பால்’ (PAL). அதனால் படத்தில் சிக்கல் வராது, பூட்டில்தான் வரும். எல்லா மண்டலத்தையும் ஏற்கும் பிளேயர் இருந்தால் கவலையில்லை. கணினி டிரைவ் ‘மண்டலத்தை மாற்றவா’ என்று கேட்டால் அவசரப்பட்டுச் சரி சொல்லாதீர்கள். ஐந்து தடவைக்கு மேல் மாற்ற விடாது. ஐந்தாவதில் எது இருக்கிறதோ அதிலேயே பூட்டிக்கொள்ளும். அமெரிக்க முறைக்கு மாற்றிய நகல் கிடைத்தால் வேண்டாம். நொடிக்கு 25 படத்தை 30 ஆக்கும்போது, போனெட்டி நீளமாக உதைக்கும் பந்து காற்றில் வழுக்காமல் துள்ளித் துள்ளிப் போகும். சில நிமிடத்தில் தலை வலிக்கும்.

படத் தரத்தில் அதிசயம் எதிர்பார்க்காதீர்கள். பிபிசி முதல் சேனல் வண்ணத்துக்கு மாறியே ஆறு மாதம்கூட ஆகவில்லை. நீலம் கொஞ்சம் பரவும், மஞ்சள் காலுறை ஒளிவிடும். அன்று வீட்டில் உட்கார்ந்து பார்த்த இரண்டு கோடியே எண்பது லட்சம் பேரில் பெரும்பாலோர் கறுப்பு வெள்ளைப் பெட்டியில்தான் பார்த்தார்கள். நாட்டில் ஏறக்குறைய இரண்டு பேருக்கு ஒருவர். மைதானத்தில் இருந்தவர்கள் 62,078. நினைவுகள் இவ்வளவு விதவிதமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்: பெரிய கூட்டம், சின்னத் திரை, உயரத்தில் கேமரா, மறுநாள் காலையில் பப்பில் கேட்ட வர்ணனை.

எப்படிப் பார்ப்பது? ஒரே மூச்சில் வேண்டாம். முதலில் இடைவேளைவரை ஹாரிஸ்–கிரே இருவரை மட்டும். அடுத்த நாள் இரண்டாம் பாதி. அதில் ஓஸ்குட்டையும் சார்ல்டனையும், பந்து எங்கிருந்தாலும். மூன்றாவது, கூடுதல் நேரம் முழுசாக, ஒலியைக் கூட்டி. கோல் விவரம் முன்பே தெரிந்தாலும் ருசி குறையாது.

யாருக்கு வேண்டாம்? நுணுக்கமான பாஸ் ஆட்டம் பார்த்துப் பழகியவர்கள், காயம் பார்த்தால் மனம் கலங்குபவர்கள், குழந்தைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்க நினைப்பவர்கள் விட்டுவிடலாம். லீட்ஸ் ரசிகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர்களுக்கு இது பதிவில் பார்க்க வேண்டிய விஷயமே இல்லை.

இது பிடித்துவிட்டால் அடுத்துத் தேட வேண்டியது 1971 மே, ஏதென்ஸ். கோப்பை வென்றவர்களுக்கான ஐரோப்பியக் கோப்பை இறுதி, எதிரணி ரியால் மாட்ரிட். அதுவும் 1–1 ஆகி, இரண்டு நாள் கழித்து மறு ஆட்டம். இடைப்பட்ட நாளில் ஓஸ்குட், குக், பால்ட்வின் மூவரும் ஹோட்டல் நீச்சல்குளத்தங்கரையில் உட்கார்ந்து பகல் முழுக்க ஊற்றிக்கொண்டார்கள் என்பது செல்சீ ரசிகர்கள் சலிக்காமல் சொல்லும் கதை. மறுநாள் செல்சீ 2–1. கோல் டெம்ப்சியும் ஓஸ்குட்டும். அந்தப் பதிவில் மூவரின் கால்களையும் முதல் இருபது நிமிடம் உற்றுப் பாருங்கள். தள்ளாட்டம் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

1974 ஜனவரியில் செக்ஸ்டனோடு மோதி ஓஸ்குட்டும் ஹட்சனும் விற்பனைக்கு வைக்கப்பட்டார்கள். ஹட்சன் ஸ்டோக்குக்கும் ஓஸ்குட் சவுத்ஹாம்டனுக்கும் போனார்கள். அதே அக்டோபரில் செக்ஸ்டனும் போனார். 1975-இல் செல்சீ இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. மறுபடி எஃப்.ஏ. கோப்பையைத் தூக்க 1997 ஆனது. அந்தச் சறுக்கலுக்குக் கிங்ஸ் ரோட்டையே காரணம் சொல்பவர்கள், அதே வருடங்களில் கிளப்பைக் கடனில் அமுக்கிய புதிய கிழக்கு ஸ்டாண்டைப் பற்றி வாய் திறப்பதில்லை. அதற்கு ஒளிப்பதிவு கிடையாது அல்லவா.